ஒரே வகுப்பைச் சேர்ந்த மாதிரி எஞ்சின்களைச் சேகரித்தல்: வன்னியிலிருந்து தொடங்குவோருக்கு

கிளிநொச்சியில் உள்ள என் வீட்டின் முன்னறையில், கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரியின் மேல்தட்டில் புகையிரத எஞ்சின்களைச் சிறிதாக்கிச் செய்த ஏழு மாதிரி எஞ்சின்கள் நிற்கின்றன. ஏழும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. வீட்டுக்கு வருவோர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, ஒரே எஞ்சினை ஏன் ஏழு தரம் வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஏழு எஞ்சின்களும் தனித்தனியாக மறுமொழி சொல்லக்கூடியனவாக இருக்க வேண்டும் என்பதையே இந்தச் சேகரிப்பின் முதல் விதியாக நான் வைத்திருக்கிறேன். அடுத்தடுத்து நிற்கும் இரண்டுக்கும் இடையே ஒரு வித்தியாசத்தையும், அந்த வித்தியாசம் வந்ததற்கான காரணத்தையும் உங்களால் காட்ட முடியாவிட்டால், இரண்டாவதை வாங்கியிருக்கத் தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் இதைத் தொடங்குவோருக்கு ஒரு தனிக் குறைபாடு உண்டு. 1990ஆம் ஆண்டு வடக்குப் பாதையில் வவுனியாவுக்கு அப்பால் புகையிரதம் நின்றது. தண்டவாளங்கள் கழற்றப்பட்டன, சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போயின. புளியங்குளத்திலும் மாங்குளத்திலும் பரந்தனிலும் வளர்ந்த ஒரு தலைமுறைக்குப் புகையிரதப் பாதை என்பது நடந்து போவதற்கான ஒரு மண்ணணையாகவே இருந்தது. 2011இல் ஓமந்தை வரையும், அதற்கு அப்பாலுள்ள பாதையை இந்தியாவின் இர்கொன் நிறுவனம் மீளமைத்தபின் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி வரையும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரையும் கோச்சி திரும்பி வந்தது. முதல் நாள்களில் எல்லோரும் பெட்டிகளைத்தான் பார்த்தோம். தலைப்பில் நிற்கும் எஞ்சின் நேற்று வந்தது அன்று, அதே முகமுள்ள வேறொன்று என்பதை அதன் பக்கத்தில் எழுதியிருந்த இலக்கத்தைப் பார்த்து நான் கண்டுகொள்ளப் பல வாரங்கள் சென்றன. கொழும்பிலோ கண்டியிலோ வளரும் பிள்ளை பத்து வயதுக்குள் தானாகவே அறிந்துகொள்ளும் இந்த விடயத்தை நாங்கள் வளர்ந்தபின்னர் படித்தே அறிய வேண்டியிருக்கிறது. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வகுப்பு என்பதைப் புரிந்துகொள்ளல்

ஒரே வரைபடத்தின்படி கட்டப்பட்டு, ஒரே பெயரில் பதியப்பட்ட எஞ்சின்களின் கூட்டம் ஒரு வகுப்பு ஆகும். இலங்கையில் வகுப்பின் முதலெழுத்தே பாதி விபரத்தைச் சொல்லிவிடுகிறது. பிரதான பாதையில் ஓடும் டீசல் மின் எஞ்சின்கள் எம் வரிசையிலும், நீரழுத்தச் செலுத்துகை கொண்டவை டபிள்யூ வரிசையிலும், நிலைய முற்றத்தில் பெட்டிகளை மாற்றிக் கோர்ப்பவை வை வரிசையிலும், எஞ்சினும் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த தொடர்வண்டிகள் எஸ் வரிசையிலும் வருகின்றன. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய எம்2 வகுப்பு இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் பல நாடுகளுக்கு விற்ற ஜி12 என்ற மாதிரியே இங்கே 1954 முதல் எம்2 ஆக வந்தது. மொத்தம் 14 எஞ்சின்கள் மட்டுமே. ஆயினும் அவற்றுக்குள் எம்2, எம்2ஏ, எம்2பி, எம்2சி, எம்2டி என ஐந்து உட்பிரிவுகள் உள்ளன. முதலில் வந்தவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்கள் இடப்பட்டன: 569 ஒன்ராறியோ, 570 அல்பேர்ட்டா என்றவாறு. 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் கடற்கோள் புரட்டிய வண்டியை இழுத்துச் சென்றது 591 மனிற்றோபா. அது பின்னர் திருத்தப்பட்டு மீண்டும் பாதைக்கு வந்தது. அந்த இலக்கத்தைத் தாங்கிய ஒரு மாதிரியும் 569 என்ற இலக்கத்தைத் தாங்கிய ஒரு மாதிரியும் அருகருகே நின்றால், தெரியாதவர் கண்ணுக்கு அவை ஒன்று. தெரிந்தவருக்கு அவை இரண்டு வாழ்க்கைகள். ஒரே வகுப்பில் பலவற்றைச் சேர்ப்பதன் சுவை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

எந்த வகுப்பைத் தெரிவது

விரும்பிய வகுப்பெல்லாம் மாதிரியாகக் கிடைப்பதில்லை. ஆகையால் தெரிவு செய்யும்போது மூன்று விடயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வகுப்பின் மாதிரியை ஒரு நிறுவனமேனும் தொடர்ந்து தயாரிக்க வேண்டும். அசல் எஞ்சின்களுக்குள் நிறத்திலும் உறுப்புகளிலும் போதிய வேறுபாடு இருக்க வேண்டும். உங்களுக்கு அதன்மேல் ஒரு பற்றும் இருக்க வேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால் நான்காவது எஞ்சினோடு ஆர்வம் தீர்ந்துவிடும்.

நான் தெரிந்தது பிரித்தானியாவின் 31ஆம் வகுப்பு. வன்னியில் இருப்பவர் ஏன் இங்கிலாந்து எஞ்சினைச் சேர்க்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. 1950களின் தொடக்கத்தில் பிரஷ் பாக்னல் நிறுவனம் இலங்கைக்கு அனுப்பிய 25 எம்1 எஞ்சின்கள்தாம் அந்த வகுப்பின் முன்னோடிகள். எஞ்சினின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டமான ஒவ்வொரு போகியிலும் மூன்று அச்சுகள் இருக்க, நடு அச்சு இயங்காமல் பாரத்தை மட்டும் தாங்கும் அமைப்பும், உள்ளே பொருத்தப்பட்ட மிர்லீஸ் நிறுவனத்தின் டீசல் இயந்திரமும் இரண்டுக்கும் பொதுவாக இருந்தன. அந்த அனுபவத்தோடுதான் பிரஷ் 1957 தொடக்கம் 1962 வரை தன் நாட்டுக்கென 263 எஞ்சின்களைக் கட்டியது. அதன் மாதிரியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், எங்கள் நாட்டுப் பாதையில் முதலில் பரீட்சிக்கப்பட்ட ஒரு யோசனையைக் கையில் எடுப்பதாகவே எனக்குத் தோன்றும்.

இந்த வகுப்புக்குள் உள்ள வேறுபாடுகள் புதியவருக்குப் பயில ஏற்றவை. முதலில் வந்த 20 எஞ்சின்கள் மின் கட்டுப்பாட்டு முறையில் மற்றவற்றிலிருந்து வேறுபட்டவை. தொடக்ககால எஞ்சின்களின் முகப்பில் வண்டியின் வகையைக் காட்டுவதற்கு மடிக்கக்கூடிய வெள்ளைத் தட்டுகள் மட்டும் இருந்தன. பின்னர் வந்தவற்றில் ஓட்டுநர் அறைக்கு மேல் கூரையில் ஓர் இலக்கப் பெட்டி முளைத்தது. மிர்லீஸ் இயந்திரங்களில் வெடிப்புகள் தோன்றியதால், 1964 தொடக்கம் 1969 வரை எல்லாவற்றிலும் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் இயந்திரம் மாற்றிப் பொருத்தப்பட்டது. பச்சை நிறத்தில் ஓடியவை பின்னர் நீலத்துக்கு மாறின. மஞ்சள் முகம் முதலில் சிறு கட்டமாகவும் பிறகு முகம் முழுவதுமாகவும் வந்தது. 1980களுக்குப் பின்னர் சரக்குப் பகுதியின் சாம்பல் நிறமும், பாதைப் பராமரிப்புப் பகுதியின் சாம்பல் மஞ்சள் நிறங்களும் சேர்ந்தன. இலக்கமும் மாறியது. டி5500 என்று பிறந்த முதல் எஞ்சினே 1970களில் 31018 ஆயிற்று. இப்போது அது யோர்க் நகரின் தேசிய புகையிரத அருங்காட்சியகத்துக்குரியது. ஆகவே டி5500 என்று ஒன்றையும் 31018 என்று ஒன்றையும் நீங்கள் வாங்கினால், உங்களிடம் இருப்பது ஒரே எஞ்சினின் இரண்டு வயதுகள். அதையும் அறிந்தே வாங்க வேண்டும்.

எம்2 மீதே பற்று உள்ளவர்களுக்கும் வழி உண்டு. பிரேசிலின் பிராத்தேஸ்கி நிறுவனம் ஜி12 எஞ்சினை எச்.ஓ. என்ற அளவில் (அளவுகளைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) தயாரித்திருக்கிறது. அதை வாங்கி, இலங்கை நிறம் பூசி, இலக்கம் இட்டால் ஒரு தொடர் உருவாகும். ஆயினும் ஒவ்வோர் உட்பிரிவுக்கும் உரிய படங்களை எடுத்து வைத்து, போகியில் எத்தனை அச்சுகள், முகப்பு விளக்கு எங்கே, கைப்பிடிக் கம்பி எப்படி என்று எண்ணிப் பார்த்த பின்னரே தூரிகையைத் தொட வேண்டும். முதலாவது சேகரிப்பாக இதைத் தொடங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்; நிறம் பூசிப் பழகியவருக்கே இது பொருந்தும்.

அளவுத்திட்டம்

மாதிரிகள் பல அளவுகளில் வருகின்றன. எச்.ஓ. என்பது 87இல் ஒரு பங்கு, ஓ.ஓ. என்பது ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு; பிரித்தானிய என் அளவு 148இல் ஒரு பங்கு. எச்.ஓ., ஓ.ஓ. இரண்டும் 16.5 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரே பாதையில் ஓடும். அதனால் பலர் இரண்டையும் கலந்து வாங்கிவிடுகிறார்கள். ஒரே வகுப்பைச் சேர்ப்பவர் அப்படிச் செய்யவே கூடாது. அளவு மாறிய இரண்டு எஞ்சின்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், மற்ற எல்லா வேறுபாடுகளையும் அந்த ஒரு வேறுபாடு விழுங்கிவிடும்.

இலங்கை எஞ்சினை மாதிரியாக்க நினைப்பவர் இன்னொரு கணக்கையும் செய்து பார்க்க வேண்டும். எங்கள் பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர். அதை 87ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீற்றர் வரும். கடையில் கிடைக்கும் பாதையோ 16.5 மில்லிமீற்றர். ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் குறைவு. அலுமாரியில் நிற்கும் எஞ்சினில் இது கண்ணை உறுத்தாது, முன்னாலிருந்து குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும். நான் இதை ஏற்றுக்கொள்ளத்தக்க குறை என்றே சொல்வேன்.

வாங்குவதற்கு முன்னர் எழுத வேண்டிய பட்டியல்

ஒரு கொப்பியை எடுத்து, நீங்கள் தெரிந்த வகுப்பில் எந்தெந்த எஞ்சின்கள் வேண்டும் என்பதை இலக்கத்தோடும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணத்தோடும் எழுதுங்கள். ஆறுக்கு மேல் எழுத வேண்டாம். காலத்தையும் வரையறுத்துக்கொள்வது நல்லது. பிரித்தானிய மாதிரிகளின் பெட்டியில் கால எண் அச்சிடப்பட்டிருக்கும்: 5 என்றால் 1957 முதல் 1966 வரை, 6 என்றால் 1967 முதல் 1971 வரை, 7 என்றால் 1971 முதல் 1982 வரை, 8 என்றால் 1982 முதல் 1994 வரை. ஒரே காலத்துக்குள் நின்று இலக்கங்களையும் உறுப்புகளையும் வேறுபடுத்துவது ஒரு முறை. ஒரு காலத்துக்கு ஓர் எஞ்சின் என்று வரலாற்றை நீட்டிக் காட்டுவது இன்னொரு முறை. ஒரு நிலையத்தை அமைத்து வண்டி ஓட்ட விரும்புவோருக்கு முதலாவது பொருந்தும், ஏனெனில் 1960இன் பச்சை எஞ்சினும் 1990இன் சாம்பல் எஞ்சினும் ஒரே மேடையில் சந்திப்பது உண்மைக்கு ஒவ்வாது. என்னைப் போல அலுமாரியில் வைத்துப் பார்ப்போருக்கு இரண்டாவது இனிமையானது.

கண்ணைப் பழக்கிக்கொள்ள உண்மையான எஞ்சின்களைப் பார்ப்பதே சிறந்த வழி. வவுனியா நிலையத்தில் ஒரு காலைப்பொழுது நின்று, வந்து போகும் எஞ்சின்களின் இலக்கத்தையும் அவற்றின் சிறு வேறுபாடுகளையும் குறித்துப் பாருங்கள்: ஒன்றில் புதிய வர்ணம், இன்னொன்றில் வேறு விளக்கு, மற்றொன்றில் படிக்கட்டில் ஒட்டுவேலை. பயணச்சீட்டோடு மேடையில் நின்றே பார்க்க வேண்டும். படம் எடுக்க முன்னர் நிலைய அதிபரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தண்டவாளத்தில் இறங்கவே கூடாது.

வாங்குதல்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இவற்றை விற்கும் கடை ஒன்றையும் நான் கண்டதில்லை. பெரும்பாலும் வெளிநாட்டு உறவினர் வழியாகவே இவை எங்களுக்கு வந்து சேர்கின்றன, ஆகையால் அவர்களுக்கு எழுதும் குறிப்பில் மிகுந்த கவனம் வேண்டும். என் இரண்டாவது எஞ்சினை லண்டனிலிருந்து அத்தான் கொண்டுவந்தார். "முப்பத்தொன்று வகுப்பு, நீல நிறம்" என்று மட்டும் நான் எழுதியிருந்தேன். அவர் அன்போடு கொண்டுவந்த பெட்டியைத் திறந்தால், என்னிடம் ஏற்கெனவே இருந்த அதே இலக்கம். தவறு முழுவதும் என் குறிப்பில்தான் இருந்தது. அன்றிலிருந்து, தயாரிப்பாளரின் பெயர், பட்டியல் இலக்கம், எஞ்சினின் பக்கத்தில் எழுதியுள்ள இலக்கம் ஆகிய மூன்றையும் எழுதாமல் யாரிடமும் கேட்பதில்லை. ஹோர்ன்பி நிறுவனத்தின் பட்டியல் இலக்கம் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும். பாக்மன் நிறுவனத்தின் இலக்கம் நடுவில் ஒரு கோட்டோடு வரும். அதன் இறுதியில் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருந்தால், பெரும்பாலும் அதே மாதிரி வேறோர் எஞ்சின் இலக்கத்தோடு வெளிவந்திருக்கிறது என்று பொருள். அந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டால் எனக்கு நேர்ந்ததே உங்களுக்கும் நேரும்.

கொண்டுவருபவரிடம் எஞ்சினை அதன் சொந்தப் பெட்டியோடு கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டும் கூடவே இருக்கட்டும். தபாலில் வந்தாலும் ஆளோடு வந்தாலும் சுங்கத்தில் விலையைக் காட்ட அது உதவும். அந்த வரியையும் சேர்த்தே உங்கள் செலவைக் கணக்கிட வேண்டும்.

பழைய எஞ்சின்களை வாங்கும்போது, பெட்டியின் சிட்டையில் உள்ள இலக்கமும் எஞ்சினின் இலக்கமும் பொருந்துகின்றனவா என்று படத்தில் பாருங்கள். முகப்பிலுள்ள மோதல் தாங்கிகள், கைப்பிடிக் கம்பிகள், சிறு பொதியில் வரும் உதிரி உறுப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பழைய மாதிரிகளின் துத்தநாகக் கலப்பு வார்ப்பில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால், ஆண்டுகள் செல்ல அது வீங்கி வெடிக்கும். அடிச்சட்டம் வளைந்திருப்பதோ, உடல் அதன்மேல் சரியாக உட்காராதிருப்பதோ அதன் அடையாளம். அதற்குப் பரிகாரம் கிடையாது. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஒரே இலக்கம் இரண்டு வந்துவிட்டால்

அத்தான் கொண்டுவந்த எஞ்சினை நான் திருப்பி அனுப்பவில்லை. அதன் இலக்கத்தை மாற்றினேன். இதைப் பழகிக்கொண்டால், மலிவாகக் கிடைக்கும் ஒரே வகை எஞ்சின்களைக்கூட ஒரு தொடராக்கலாம். முதலில், புதிதாக இட விரும்பும் இலக்கமுடைய அசல் எஞ்சின் உங்கள் மாதிரியில் உள்ள உறுப்புகளையே கொண்டிருந்ததா என்று படம் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். கூரையில் பெட்டி இல்லாத எஞ்சினின் இலக்கத்தைப் பெட்டி உள்ள மாதிரியில் எழுதினால், தெரிந்தவர் கண்ணில் அது பொய்யாகிவிடும்.

பின்னர், எனமல் வர்ணத்தைக் கரைக்கும் திரவத்தை ஒரு பற்குச்சியின் நுனியில் மிகச் சிறிதளவு தொட்டு, அச்சிட்ட இலக்கத்தை மட்டும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். வெளியே தெரியாத ஓரிடத்தில் முதலில் பரீட்சித்துப் பாருங்கள். கீழ் வர்ணம் கரைந்தால் உடனே நிறுத்துங்கள். பஞ்சில் தோய்த்து அகலமாகத் தேய்ப்பது கூடாது. இலக்கம் போன இடத்தில் பளபளப்பான வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சுப் பூசி, நன்கு உலரவிட்டு, நீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் இலக்கத் தாள்களை ஒவ்வோர் எண்ணாக வைத்து, ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். அடுத்த நாள் மங்கல் வார்னிஷ் பூசினால் தாளின் விளிம்பு மறையும். மாரிகாலத்தில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். காற்றிலுள்ள ஈரம் வார்னிஷை வெண்மையாக்கிவிடும். பெப்ரவரி தொடக்கம் ஏப்ரல் வரையான காலைப்பொழுதுகளே எனக்கு ஒத்துவந்தவை.

ஓட்டுதல்

சாதாரண நேரோட்ட மின்னில் ஓட்டுவோருக்கு இங்கே சிக்கல் குறைவு. டி.சி.சி. எனப்படும் எண்முறைக் கட்டுப்பாட்டில், ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் உள்ள டிகோடர் தனக்குரிய முகவரிக்கு வரும் கட்டளையை மட்டும் ஏற்கும். தொழிற்சாலையிலிருந்து வரும் டிகோடர்கள் வழக்கமாக 3 என்ற முகவரியோடு வருகின்றன. ஒரே வகுப்பில் மூன்று புதிய எஞ்சின்களை ஒன்றாகப் பாதையில் வைத்து 3ஐ அழைத்தால் மூன்றும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றையொன்று மோதும். ஆகவே புதிய எஞ்சினைத் தனியாகப் பாதையில் வைத்து, அதன் இலக்கத்தின் கடைசி நான்கு எண்களை முகவரியாகக் கொடுங்கள். 31018 என்றால் 1018. பக்கத்தில் எழுதியிருப்பதே முகவரியாகும்போது வேறொன்றையும் மனத்தில் வைத்திருக்கத் தேவையில்லை.

இரண்டை இணைத்து ஒரு வண்டியை இழுக்க விரும்பினால், வேகத்தை ஒப்பாக்க வேண்டும். இரண்டையும் ஓர் அடி இடைவெளியில் முன்னும் பின்னுமாக ஓடவிட்டு, மெதுவாக ஓடுவதை அளவாகக் கொண்டு மற்றதைக் குறையுங்கள். டிகோடரில் சி.வி. எனப்படும் அமைப்பு எண்களுள் 2 தொடக்க மின்னழுத்தத்தையும், 5 உச்ச வேகத்தையும், 6 நடு வேகத்தையும் தீர்மானிக்கின்றன. வெவ்வேறு காலங்களில் தயாரிக்கப்பட்ட மோட்டர்கள் ஒரே வகுப்பின் உடலுக்குள் இருந்தாலும் ஒத்து ஓடுவதில்லை.

இடிமுழக்கக் காலத்தில் ஓடி முடிந்ததும் கட்டுப்பாட்டுக் கருவியின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பாதுகாத்தல்

எங்கள் மண்ணுக்கும் காலநிலைக்கும் ஏற்ற சில பழக்கங்கள் தேவை. கோடையில் செம்மண் தூசி கதவிடுக்கால் வந்து பற்சக்கரங்களில் படியும். தகரக் கூரையின் கீழ் உள்ள அறையில் வெப்பம் உயர, சக்கரத்தில் உள்ள இறப்பர் வளையங்கள் இறுகி வெடிக்கும். ஆகவே அலுமாரியை ஓட்டுக்கூரை உள்ள அறையில், வெயில் படாத சுவரோடு வையுங்கள். எறும்புகள் பெட்டிக்குள் கூடு கட்டாமல் இருக்க, அலுமாரியின் கால்களை நீர் நிறைந்த சிறு கிண்ணங்களில் வைக்கும் எங்கள் வீட்டு முறையே போதும். சக்கரங்களை ஐசோபுரோபைல் அற்ககோலில் நனைத்த துணியால் துடைக்கலாம். எண்ணெய் இடுவதற்குப் பிளாஸ்டிக்கைத் தாக்காத மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதுமானது. கையில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் விடாதீர்கள். அது நாளடைவில் பிசினாகிப் பற்சக்கரங்களைப் பிடித்துவிடும்.

2018 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவுக்கு நீர் வந்தது. அப்போது அடித்தட்டில் மூன்று எஞ்சின்களைப் பெட்டியோடு வைத்திருந்தேன். எஞ்சின்கள் பிழைத்தன, ஆனால் ஒரு பெட்டியில் இருந்த பழைய நுரைப்பஞ்சு மெத்தை ஊறி உருகி, நீல வர்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. பஞ்சு மெத்தை வெள்ளம் வராமலே ஆண்டுகள் செல்லத் தானாகவும் சிதையும் என்பதைப் பின்னர் அறிந்தேன். இப்போது ஒவ்வோர் எஞ்சினையும் அமிலம் இல்லாத மெல்லிய தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொதி ஒன்றோடு, இடுப்புக்கு மேலுள்ள தட்டிலேயே வைக்கிறேன். வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்கு முன்னர், ஒக்ரோபர் முதல் வாரத்தில், ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து ஐந்து நிமிடம் முன்னும் பின்னும் ஓடவிட்டு, பொதியை மாற்றி, மீண்டும் வைக்கிறேன்.

கொப்பியில் ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு பக்கம் இருக்க வேண்டும். எஞ்சின் இலக்கம், அது காட்டும் காலம், பட்டியல் இலக்கம், வாங்கிய திகதி, விலை, கொண்டுவந்தவர், டி.சி.சி. முகவரி, கடைசியாக எண்ணெய் இட்ட நாள், மாற்றிய உறுப்புகள் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். இலக்கத்தை நீங்களே மாற்றியிருந்தால் பழைய இலக்கத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்தப் பெட்டியும் கொப்பியும் ஒருநாள் வேறொருவர் கைக்குப் போகும்போது அவர் குழம்பக்கூடாது. என் கொப்பியைப் பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதியும் இருக்கும் பையிலேயே வைத்திருக்கிறேன். அவசரமாக வெளியேற வேண்டி வந்தால் வன்னியில் முதலில் கைக்கு வருவது அந்தப் பைதான்.